மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கார்: இழுத்துக்கொண்டு போவதா, போன இடத்தில் வாடகைக்கு எடுப்பதா?

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வாங்கியவர்களுக்கும், வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சீக்கிரமே வந்து நிற்கிற கேள்வி இது. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை என்று வீடே சக்கரத்தின் மேல் வருகிறது. அப்புறம் இன்னொரு வண்டி எதற்கு என்றுதான் முதலில் தோன்றும்.

கேம்ப்கிரவுண்டில் போய் நிறுத்திய பிறகுதான் விஷயம் புரியும். கரண்ட் வயரைச் செருகி, தண்ணீர்க் குழாயை மாட்டி, கழிவுநீர்க் குழாயை இறக்கி, ஜாக்கிகளை இறக்கி மட்டம் பார்த்து, பக்கவாட்டு அறையை வெளியே தள்ளி, வாசலில் பந்தலை விரித்து முடிக்க அரை மணி நேரமாவது ஆகிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் பால் இல்லை. கடை எட்டு மைல் தள்ளி இருக்கிறது. இத்தனையையும் கழற்றி, மேடைமேல் இருக்கிற டம்ளர், தட்டையெல்லாம் அலமாரிக்குள் அடைத்து, முப்பது அடி நீள வண்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகவேண்டும். போன இடத்தில் அதை நிறுத்த இடம் கிடைக்கவேண்டும். திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி மாட்டவேண்டும்.

இதற்கு வழி இரண்டு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். சொந்தக் காரை மோட்டார்ஹோமுக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டே போகலாம், அல்லது போன ஊரில் வாடகைக் கார் எடுக்கலாம். கார் இல்லாமலே சமாளிப்பது என்று மூன்றாவதும் உண்டு. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நிறையப் பேருக்கு அதுதான் சரியான விடை என்றாலும்.

முடிவெடுக்க ஓர் எண் தெரிந்தால் போதும். வருடத்தில் எத்தனை நாள் பயணம் போகிறீர்கள் என்பது அந்த எண் இல்லை. அந்தப் பயணத்தில் கார் இல்லாமல் முடியவே முடியாது என்கிற நாள் எத்தனை? அதைக் 'கார் நாள்' என்று வைத்துக்கொள்வோம். தினம் இருநூறு, முந்நூறு மைல் ஓட்டி, இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புகிறவருக்கு இருபது நாள் பயணத்தில் மூன்று கார் நாள்கூட வராது. ஓர் இடத்தில் பத்து நாள் கூடாரம் போட்டதுபோல் உட்காருகிறவருக்குப் பத்தில் எட்டு கார் நாளாகிவிடும். கணக்குக்குப் பிறகு வருவோம். அதற்கு முன்னால், இழுப்பது என்றால் என்னவென்று கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் குழப்பமெல்லாம் அந்தப் பக்கம்தான்.

இழுக்கும் வகைகள்

மாட்டு வண்டிக்குப் பின்னால் கன்றைக் கட்டிக்கொண்டு போவதுபோல், காரின் நான்கு சக்கரமும் தரையில் உருள, முன்புறத்தை மட்டும் ஒரு இரும்புச் சட்டத்தால் மோட்டார்ஹோமோடு பிணைத்து இழுப்பது ஃப்ளாட் டோயிங். அந்தச் சட்டத்துக்கு டோ பார் என்று பெயர். அதை மாட்டுவதற்காகக் காரின் முன் பம்பருக்குள்ளே, சேஸியோடு போல்ட் போட்டு முடுக்கிய பேஸ் பிளேட் ஒன்று வேண்டும். ரோட்மாஸ்டர், ப்ளூ ஆக்ஸ், டெம்கோ ஆகியவை இந்தச் சாமான்களில் அதிகம் புழங்கும் பெயர்கள். பின்னால் இழுபட்டு வரும் காரை மோட்டார்ஹோம்காரர்கள் 'டோட்' என்பார்கள்.

இரண்டாவது டாலி. இரண்டு சக்கரம் வைத்த சின்ன வண்டி. காரின் முன் சக்கரங்களை அதன்மேல் ஏற்றிப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டால், பின் சக்கரங்கள் மட்டும் தரையில் உருளும். முன் சக்கரம் இழுக்கும் சாதாரணக் கார்களுக்கு இது ஒத்துவரும், காரில் எந்த மாற்றமும் செய்யவேண்டாம். ஆனால் சேறானாலும் மழையானாலும் தரையில் மண்டியிட்டுத்தான் பட்டை கட்டவேண்டும். கேம்ப்கிரவுண்டில் காரை இறக்கிய பிறகு காலி டாலியை எங்கே வைப்பது என்பது தனிப் பிரச்சினை. நெருக்கமான இடங்களில் அதற்கென்று ஓர் அடி இடம்கூட இருக்காது.

மூன்றாவது, காரை முழுசாக ஏற்றிக்கொள்ளும் டிரெய்லர். எந்தக் காரானாலும் சரி. ஆனால் டிரெய்லரின் எடையும் சேர்ந்துகொள்ளும். யு-ஹால் வாடகைக்கு விடும் கார் டிரெய்லர் காலியாகவே 2,210 பவுண்டு, அவர்களுடைய டாலி 750 பவுண்டு. சாதாரண மோட்டார்ஹோமின் இழுதிறனில் பாதியை டிரெய்லரே தின்றுவிட்டால் காருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

அடிக்கடி போகிறவர்களில் பெரும்பாலானோர் கடைசியில் ஃப்ளாட் டோயிங்குக்கே வந்து சேர்கிறார்கள். மாட்டவும் கழற்றவும் சுலபம், கழற்றிய பிறகு சும்மா கிடக்கிற சாமான் எதுவும் இல்லை. இதற்கு ஒரே தடை, எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது என்பதுதான்.

உங்கள் கார் அதற்குத் தோதானதா?

ஆட்டோமேட்டிக் கியர் காரை எஞ்சின் ஓடாத நிலையில் இழுத்தால், சக்கரம் சுற்றும்போது கியர்பாக்ஸின் வெளிப்பக்கத் தண்டும் சேர்ந்து சுற்றும். கியர்பாக்ஸுக்குள் ஆயிலை ஓட்டுகிற பம்ப் பெரும்பாலும் எஞ்சினால் இயங்குவது. எஞ்சின் நின்றிருப்பதால் ஆயில் ஓடாது, பல்சக்கரங்கள் மட்டும் வறட்சியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டாலும் இதேதான் நடக்கும். சில நூறு மைலுக்குள் கியர்பாக்ஸ் வெந்துபோகும். மின்சாரக் காரில் வேறு தொல்லை: சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், மோட்டார் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். டெஸ்லா கார்களைச் சக்கரம் தரையில் பட இழுக்கக்கூடாது என்று நிறுவனமே தெளிவாகச் சொல்லிவிட்டது.

எது முடியும்? ஜீப் ராங்லர்தான் இந்த உலகத்தின் செல்லப்பிள்ளை. அதில் கியர்பாக்ஸுக்கு அப்பால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை நியூட்ரலுக்குத் தள்ளினால் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும். இரட்டை வேக டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள கிராண்ட் செரோக்கி, அதே ஜீப்பின் கிளாடியேட்டர் பிக்கப் இரண்டும் இந்த வகைதான். மேனுவல் கியர் வைத்த பழைய கார்களில் பலவற்றை இழுக்கலாம், ஆனால் அமெரிக்காவில் மேனுவல் கார் கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஹோண்டா சிஆர்-வியை வெகுநாள் எல்லாரும் இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். 2014 மாடலோடு அந்தக் கதை முடிந்தது. 2015-இல் சிவிடி என்கிற வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்ததும் ஹோண்டா அனுமதியை எடுத்துவிட்டது. அதனால்தான் பத்து வயது தாண்டிய சிஆர்-விக்கு இன்றும் மோட்டார்ஹோம்காரர்களிடம் மவுசு.

கார் விற்பவர் 'தாராளமாக இழுக்கலாம் சார்' என்று சொன்னால் நம்பவேண்டாம். காரோடு வரும் ஓனர்ஸ் மேனுவலில் 'ரெக்ரியேஷனல் டோயிங்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாம் என்று எழுதியிருந்தால்தான் உண்டு. ஒரே பெயர் கொண்ட மாடலிலேயே ஒரு வருடக் காரை இழுக்கலாம், மறு வருடக் காரை இழுக்கக்கூடாது. கியர்பாக்ஸைப் பொறுத்தும் மாறும், ஃபோர் வீல் டிரைவா இல்லையா என்பதைப் பொறுத்தும் மாறும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கார் இதில் தேறாவிட்டால், பேச்சு அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. இழுப்பதற்காகவே இன்னொரு கார் வாங்குவது என்றால் அது டோ பார் செலவு இல்லை, கார் செலவு. அதை வாடகையோடு ஒப்பிட்டு ஜெயிக்கவைக்க நிறையக் கார் நாள் வேண்டும்.

எடைக் கணக்கு: இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்

மோட்டார்ஹோமின் பின்னால் கொக்கி மாட்டும் இடத்தில் '5,000 பவுண்டு' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 'என் கார் 4,300 பவுண்டுதானே, தாராளம்' என்று முடிவுகட்டிவிடுவோம். அந்த ஸ்டிக்கர் சொல்வது கொக்கியின் பலத்தை மட்டும்தான்.

பார்க்கவேண்டிய எண்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, மோட்டார்ஹோம் தன் தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் சேர்த்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை, ஜி.வி.டபிள்யூ.ஆர். இன்னொன்று, மோட்டார்ஹோமும் இழுக்கப்படும் காரும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை, ஜி.சி.டபிள்யூ.ஆர். இரண்டாவதிலிருந்து உங்கள் மோட்டார்ஹோமின் உண்மையான எடையைக் கழித்தால் வருவதுதான் காருக்கு மிச்சமுள்ள இடம். அந்த எண்ணும் கொக்கியின் எண்ணும் எது குறைவோ, அதுதான் உங்கள் வரம்பு.

நடைமுறையில் பார்ப்போம். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வண்டிகளில் பல, ஃபோர்டு இ-450 சேஸி மேல் கட்டியவை. அதன் ஜி.வி.டபிள்யூ.ஆர். 14,500 பவுண்டு, ஜி.சி.டபிள்யூ.ஆர். 22,000 பவுண்டு. முழுக்க நிரப்பி 14,000 பவுண்டில் ஓடுகிறது என்றால் 8,000 மிச்சம். ஆனால் கொக்கி 5,000 என்றால் 5,000தான். இங்கே ஸ்டிக்கர் சொன்னதே செல்லும்.

இப்போது பஸ் போன்ற முகம் கொண்ட கிளாஸ் ஏ. ஃபோர்டு எஃப்-53 சேஸியில் பல பதிப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு ஜி.வி.டபிள்யூ.ஆர். 22,000, ஜி.சி.டபிள்யூ.ஆர். 26,000. மோட்டார்ஹோமை அதன் வரம்பு வரை நிரப்பிவிட்டால் மிச்சம் 4,000 பவுண்டுதான். கொக்கி 5,000 என்று சொன்னாலும் நான்கு கதவு ராங்லர் இதில் அடங்காது. பார்க்க ஆகிருதியாக இருக்கிற வண்டி, சின்ன வண்டியைவிடக் குறைவாக இழுக்கும் என்பதை முதல் தடவை கேட்பவர்கள் நம்பவே மாட்டார்கள்.

'உண்மையான எடை' என்றேன். விளம்பரத் தாளில் அச்சடித்த எடை இதற்கு உதவாது. நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். தண்ணீர், பெட்ரோல் நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை அதில் நிறுத்திப் பாருங்கள். இருபது டாலருக்குள் முடிகிற வேலை. அதைச் செய்யாமல் டோ பார் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

பிரேக், ரிவர்ஸ்

நாலாயிரம் பவுண்டுக் கார் பின்னால் இருந்து தள்ளும்போது மோட்டார்ஹோமின் பிரேக் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும் என்றால் நிற்கும் தூரம் கூடிவிடும். மலையிறக்கத்தில் பிரேக் சூடாகிக் கைவிடும். அதனால் மோட்டார்ஹோமில் பிரேக் மிதித்தால் பின்னால் வரும் காரிலும் பிரேக் பிடிக்க வைக்கும் துணை பிரேக் ஒன்று வேண்டும். காரின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்து, தன் இயந்திரக் கையால் பிரேக் பெடலை அழுத்துகிற பெட்டி வகை ஒன்று. காருக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்துகிற வகை இன்னொன்று. எந்த எடைக்கு மேல் இது கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பல இடங்களில் 3,000 பவுண்டு. சட்டம் கேட்காத இடத்திலும் போடவேண்டும் என்பது என் கட்சி. இணைப்பு அறுந்துபோனால் காரின் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே சுவிட்சும் அதோடு சேர்ந்து வரவேண்டும்.

அடுத்தது ரிவர்ஸ். ஃப்ளாட் டோயிங்கில் பின்னால் எடுக்கவே கூடாது. காரின் முன் சக்கரங்கள் தம் போக்கில் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பிக்கொள்ளும், டோ பார் வளையும். டாலியும் அப்படித்தான். டிரெய்லரை மட்டும் பழகினால் பின்னால் எடுக்கலாம். வண்டியும் காருமாக ஐம்பது அடிக்கு நீண்ட தொடரோடு ஒரு குறுகலான பெட்ரோல் பங்குக்குள் நுழைந்து, எதிரே வழி அடைத்திருந்தால், இறங்கிக் காரைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடித்தாலும் சரி. இழுத்துக்கொண்டு போகிறவர்கள் எந்த இடத்துக்குள் நுழையும்போதும் வெளியே வரும் வழியை முதலில் பார்ப்பது இதனால்தான். கேம்ப்கிரவுண்டிலும் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரக்கூடிய 'புல் த்ரூ' இடமா என்று கேட்டே பதிவு செய்வார்கள்.

கலிஃபோர்னியா போகிறீர்கள் என்றால், எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்பதையும், வண்டியும் காரும் சேர்த்து நீளம் 65 அடியைத் தாண்டக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். டோல் சாலைகளில் அச்சுக் கணக்கில் கட்டணம் வாங்குமிடங்களில் பின்னால் வரும் காருக்கும் சேர்த்துத்தான் கட்டவேண்டும்.

மாட்டுவது எப்படி இருக்கும்

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. தினமும் செய்யவேண்டிய வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று அப்போதுதான் தெரியும்.

ராங்லர் ஆட்டோமேட்டிக் என்று வையுங்கள். காரை மோட்டார்ஹோமுக்குப் பின்னால் நேராகக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். டோ பாரின் இரண்டு கைகளையும் நீட்டி, காரின் பேஸ் பிளேட்டில் பொருத்தி, 'பின்' எனப்படும் பூட்டு ஊசியைப் போட்டு, கிளிப் மாட்டுகிறீர்கள். டோ பார் உடைந்தாலும் கார் கழன்று ஓடாமல் இருக்க இரண்டு பாதுகாப்புக் கம்பிவடங்கள், குறுக்கும் நெடுக்குமாக. காரின் பின்விளக்குகளும் சிக்னலும் மோட்டார்ஹோமோடு சேர்ந்து எரிய ஒரு மின்வயர். பிரேக்அவே வயர் தனி.

பிறகு காருக்குள் ஏறி, எஞ்சின் ஓட, பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலுக்குத் தள்ளவேண்டும். அது உண்மையிலேயே நியூட்ரலில் விழுந்ததா என்று பார்க்க, கியரை ரிவர்ஸில் போட்டு பிரேக்கை விடுங்கள், கார் அசையக்கூடாது. டிரைவில் போட்டு விடுங்கள், அப்போதும் அசையக்கூடாது. அசையவில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி, கியரைப் பார்க்கில் போடவேண்டும். பார்க்கில் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாதா என்று எல்லாரும் கேட்பார்கள். தொடர்பைத்தான் டிரான்ஸ்ஃபர் கேஸில் அறுத்துவிட்டோமே, சக்கரம் தாராளமாகச் சுற்றும். கடைசியாக ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டோமா என்று பார்க்கவேண்டும். அதை மறந்து கிளம்பினால் நூறு மைல் தள்ளி டயர் புகையும், முன்னால் மோட்டார்ஹோமில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

துணை பிரேக் பெட்டியை வைத்து, விளக்குகளை ஒருவர் பின்னால் நின்று பார்க்க மற்றவர் முன்னால் இருந்து போட்டுக்காட்டி, மெதுவாகப் பத்தடி நகர்த்தினால் டோ பாரின் கைகள் இரண்டும் நீண்டு 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பழகியவர்களுக்குப் பத்து நிமிடம். நடுவில் யாராவது வந்து பேச்சுக்கொடுத்தால் மரியாதையாக அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிடுவார்கள். பாதியில் விட்ட படிதான் மறந்துபோகும்.

இது ராங்லரின் முறை. பழைய சிஆர்-விக்கு வேறு: கியரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி, கடைசியில் நியூட்ரலில் வைத்து மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தவேண்டும், நீண்ட பயணத்தில் இடையிடையே மறுபடி செய்யவேண்டும். ஒவ்வொரு காருக்கும் அதன் மேனுவல்தான் வேதம்.

வாடகைப் பக்கம்

வாடகையில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. எடைக் கணக்கு இல்லை, டோ பார் இல்லை, மோட்டார்ஹோமை இஷ்டப்படி பின்னால் எடுக்கலாம். உங்கள் காரின் டயர் தேயாது, முன்கண்ணாடியில் கல் தெறிக்காது.

அதன் சிக்கல் வேறு: வாடகைக் காரை எடுக்கப் போகவே ஒரு கார் வேண்டும். கேம்ப்கிரவுண்டுகள் ஊருக்கு வெளியே இருக்கும். வாடகை அலுவலகம் ஊருக்குள்ளோ விமான நிலையத்திலோ இருக்கும். விமான நிலையக் கிளை நேரம் காலம் பார்க்காது, ஆனால் வரி, கட்டணம் என்று விலை ஏறும். ஊருக்குள் உள்ள கிளை விலை குறைவு, ஆனால் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிட்டு ஞாயிறு திறக்காதவை நிறைய. சனிக்கிழமை மாலை வந்து சேர்கிற குடும்பத்துக்கு அது உபயோகமில்லை. வந்து அழைத்துப் போகிறோம் என்று சொல்லும் கிளைகளும் உண்டு, எத்தனை மைல் வரை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். பெரிய ஊரின் அருகே தங்குகிறீர்கள் என்றால் இதெல்லாம் ஒரு டாக்ஸியில் தீர்ந்துவிடும்.

யெல்லோஸ்டோன் போன்ற இடத்தில் தீராது. பூங்காவுக்குள் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்று இணைப்பும் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ். அங்கிருந்து மேற்கு வாசலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊருக்கு ஐம்பது மைலுக்கு மேல். உள்ளே சுற்றிவரும் கிராண்ட் லூப் சாலை மட்டும் 142 மைல், பூங்காவின் இலவச பஸ் எதுவும் கிடையாது. அங்கே நான்கைந்து நாள் தங்குவதாக இருந்தால் கார் பின்னாலேயே வந்திருந்தால் நல்லது, அல்லது வழியில் ஒரு பெரிய ஊரில் வாடகைக்கு எடுத்து, வீட்டில் ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஸயன் தேசியப் பூங்கா இதற்கு நேரெதிர். 2000-இலிருந்து அங்கே இலவச பஸ் ஓடுகிறது. பஸ் ஓடும் பருவத்தில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் கார் போகவே அனுமதி இல்லை. அங்குள்ள வாட்ச்மேன் என்ற கேம்ப்கிரவுண்டில் நிறுத்திவிட்டால் பஸ் நிறுத்தம் நடக்கிற தூரம்தான். கிராண்ட் கேன்யன் தென்கரையிலும் கேம்ப்கிரவுண்டிலிருந்து பஸ் உண்டு. இங்கெல்லாம் காரை இழுத்துக்கொண்டு போனால் அது நிறுத்திய இடத்திலேயே தூங்கும். மூன்றாவது வழி என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் நீங்களே ஓட்டிப்போக வாடகையோ சொந்தமோ ஒரு சின்ன வண்டி இருந்தே ஆகவேண்டும். 1933-இல் திறந்த அந்த மலைச்சாலையின் நடுப்பகுதியில், அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டிலிருந்து ரைசிங் சன் வரை, 21 அடிக்கு மேல் நீளமோ கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. கிளாஸ் ஏ, கிளாஸ் சி எல்லாமே அடிபட்டுப்போகும். வேன் வகையிலேயே சிலதுதான் தேறும். யூட்டா மாநிலத்து மோவாப் ஊர் இன்னொரு ரகம்: அங்கே மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே ஜீப் வாடகைக்கு விடுகிறார்கள். சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் தார் போடாத சாலைக்குப் போகக்கூடாது என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ராங்லரை ஊரிலிருந்து ஆயிரம் மைல் இழுத்து வந்து பாறையில் ஏற்றி அடிவாங்க வைப்பதைவிட, அங்கே ஒருநாள் எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது மனதுக்கு லேசு.

இனி கணக்கு

பேஸ் பிளேட், டோ பார், துணை பிரேக், வயரிங், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஃப்ளாட் டோயிங்குக்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் டாலர் வரை ஆகும். 4,500 என்று வைத்துக்கொள்வோம். வாடகை, வரியெல்லாம் சேர்த்து நாளுக்கு 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 4,500-ஐ 80-ஆல் வகுத்தால் 56. அதாவது 56 கார் நாள் தாண்டினால்தான் இழுப்பது லாபம்.

வருடத்துக்கு இரண்டு பயணம், பயணத்துக்கு ஆறு கார் நாள் என்றால் 12. ஐந்து வருடம் ஆகும் காசு திரும்ப. அதற்குள் காரை மாற்றினால் பேஸ் பிளேட் பழைய காரோடு போய்விடும், டோ பாரும் பெட்டி வகை பிரேக்கும் மட்டும்தான் அடுத்த காருக்கு வரும். இதே கணக்கை, டிசம்பரில் ஃப்ளோரிடாவுக்கோ அரிசோனாவுக்கோ போய் மூன்று மாதம் குளிரைத் தவிர்க்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்குப் போடுங்கள். தொண்ணூறு நாள் வாடகை அதே விலையில் 7,200 டாலர். மாத வாடகை சலுகை கிடைத்தாலும், ஒன்றிரண்டு சீசனில் டோ பார் தன் விலையைக் கொடுத்துவிடும்.

பெட்ரோலைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு அது பெரிதில்லை. காலனுக்கு 8 மைல் தரும் வண்டி, கார் இழுக்கும்போது 7.3 தருகிறது என்றால், 3,000 மைலுக்கு 36 காலன் கூடுதல். காலன் மூன்றரை டாலர் என்றால் 126 டாலர். ஒன்றரை நாள் வாடகை.

நம்மவர்கள் நிறையப் பேர் கோடை விடுமுறையில், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது, ஒரு வாரத்துக்கு மோட்டார்ஹோமையே வாடகைக்கு எடுப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. வாடகை மோட்டார்ஹோமில் எதையும் இழுக்கக்கூடாது என்று பல நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே போட்டுவிடும். உங்கள் காரில் பேஸ் பிளேட்டும் இருக்காது. ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால், ஒருவர் மோட்டார்ஹோமிலும் இன்னொருவர் சொந்தக் காரில் பின்னாலும் வருவதே எளிது. மலையேற முடியாத பெரியவர்களைக் காரில் உட்காரவைத்து மெதுவாகக் கூட்டிப்போகவும் வசதி.

மோட்டார்ஹோம் சொந்தம், பயணம் எப்படி அமையும் என்று இன்னும் தெரியாது என்றால், முதல் வருடம் வாடகையிலேயே ஓட்டுங்கள். கார் தேவைப்பட்ட ஒவ்வொரு நாளையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பஸ்ஸோ டாக்ஸியோ வைத்துச் சமாளித்த நாளைத் தனியாகக் குறியுங்கள். வருடக் கடைசியில் அந்தப் பட்டியலில் இருபதுக்கு மேல் கார் நாள் இருந்து, வீட்டில் இருக்கும் காரும் இழுக்கத் தோதானது என்றால் டோ பார் வாங்குங்கள். பத்துக்குக் கீழே என்றால் அந்தப் பணத்தை வங்கியில் விட்டுவையுங்கள். நடுவில் இருந்தால், பணத்தைவிடக் குணம் முக்கியம். வாடகை அலுவலக வரிசையில் நிற்பது எரிச்சலா, ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பூட்டு ஊசியும் வயரும் சரிபார்ப்பது எரிச்சலா என்று வீட்டில் இருவரும் பேசி முடிவு பண்ணவேண்டியது அது.

வாங்குவது என்று முடிவானால், மோட்டார்ஹோம் விட்டுவிடும் வயதானவர்களிடம் பேஸ் பிளேட், வயரிங் எல்லாம் ஏற்கெனவே போட்ட பழைய ராங்லரோ சிஆர்-வியோ விற்பனைக்கு வரும். பொருத்தும் கூலி மிச்சம். ஆனால் வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். இழுபட்டு ஓடிய மைல் எல்லாக் காரிலும் மீட்டரில் ஏறாது, அதனால் டயரையும் சஸ்பென்ஷனையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலின் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்து, கருகிய வாடை அடித்தால் அந்தக் காரை விட்டுவிடலாம்.